தட்டு தனியாகப் போகும் வீடு: காசநோயாளியின் மனசுக்காக வீட்டாரிடம் பேசும் முறை

காசநோய் என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் இடம் மாறுவது தட்டும் டம்ளரும்தான். யாரும் கூடிப் பேசி முடிவு எடுப்பதில்லை. மறுநாள் காலையில் ஒரு எவர்சில்வர் தட்டும் ஒரு டம்ளரும் அலமாரியிலிருந்து இறங்கி, பின்வாசல் தண்ணீர்த் தொட்டியோரம் கவிழ்ந்து கிடக்கும். சோறு போடுகிற கை ஒரு முழம் தள்ளி நின்று போடும். நோயாளி அதைப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார். மூன்றாம் நாள் "பசிக்கல" என்பார். அங்கிருந்து மாத்திரையை விடுவதற்கு அதிக தூரமில்லை.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீடு வீடாகப் போகிற கிராம சுகாதார செவிலியர், காசநோய்ப் பணியாளர், மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர், ஆஷா, நர்சிங் மாணவர்கள், மகளிர் குழுப் பெண்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். பயந்துபோன வீட்டாரிடம் "அவரை அன்பாகப் பாத்துக்கங்க" என்றால் தலையாட்டுவார்கள். தட்டு தொட்டியோரமே கிடக்கும். அதனால் முதல் வேலை வீட்டாரின் பயத்தை இறக்குவது. பேசக் கற்றுக்கொடுப்பதும், என்னென்ன கவனிக்க வேண்டும் என்று சொல்வதும் அதற்குப் பிறகு.

போவதற்கு முன்

முதலில் நோயாளியைத் தனியாகப் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்க வரும் நாளே நல்லது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: "வூட்ல யார் யாருக்குத் தெரியலாம்? யாருக்குத் தெரியக் கூடாது?" கல்யாணமாகி ஆறு மாதமான பெண் "மாமியாருக்குத் தெரியக் கூடாது, வீட்டுக்காரருக்கு மட்டும்" என்றால் அப்படியே ஆகட்டும். யாரிடம் பேசலாம் என்ற பெயரை நோயாளி வாயாலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜீப்பை வாசலில் நிறுத்தாதீர்கள்; தெருமுனையிலேயே இறங்கி நடந்து போங்கள். கழுத்தில் தொங்கும் அட்டையைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். வாசலில் நின்று "டி.பி. மாத்திரை சாப்பிடுறது இந்த வீடுதானே?" என்று கேட்பதுதான் இந்த வேலையில் நடக்கிற மிகப் பெரிய தப்பு. அந்த ஒரு கேள்வியில் எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் சேதி போய்விடும். அப்புறம் அந்த வீட்டில் நீங்கள் என்ன பேசினாலும் ஏறாது.

நேரமும் முக்கியம். தேவனாம்பட்டினம் மாதிரி மீனவர் குப்பத்தில் படகு வருகிற காலை நேரத்தில் போனால் வீட்டில் ஆள் இருக்காது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக் கொட்டை உடைக்கப் போகிற பெண்கள் பொழுது சாய்ந்துதான் திரும்புவார்கள். சமைக்கிறவர், சம்பாதிக்கிறவர், வீட்டில் பேச்சு செல்லுகிற பெரியவர் ஆகிய மூன்று பேரும் சேர்ந்து உட்காருகிற நேரமாகப் பாருங்கள். சமைக்கிறவர் இல்லாமல் நடத்தும் கூட்டத்தால் தட்டு விஷயத்தில் ஒன்றும் மாறாது.

எத்தனை முறை போவது? குறைந்தது நான்கு. மாத்திரை தொடங்கிய முதல் வாரத்தில் ஒன்று. மூன்று அல்லது நான்காம் வாரத்தில் ஒன்று. இரண்டாம் மாத முடிவில், மாத்திரை மாறும்போது ஒன்று. சிகிச்சை முடியும் தறுவாயில் ஒன்று. ஒரு முறைக்கு 40 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று ஒருவர் எழுந்துவிடுவார். அவர் பின்னாலேயே மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள்.

முதல் சந்திப்பு: பயத்தை இறக்குதல்

பாடம் நடத்தத் தொடங்காதீர்கள். "என்ன நெனச்சி பயப்படுறீங்க?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். பேரப்பிள்ளைக்கு ஒட்டிக்கும், ஊரில் தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், வருமானம் நின்றுவிட்டது, செத்துப்போய்விடுவாரோ: பெரும்பாலும் இந்த நான்கும்தான் வரும். வந்த வரிசையிலேயே பதில் சொல்லுங்கள்.

ஒட்டுவது பற்றிச் சொல்லும்போது வார்த்தையைவிட ஊதுபத்தி நன்றாக வேலை செய்யும். அவர் படுக்கிற அறையில் கதவு சன்னலைச் சாத்தி மூன்று ஊதுபத்தி கொளுத்துங்கள். இருமல்காரர் அந்த நேரம் வெளியில் இருக்க வேண்டும், ஆஸ்துமா உள்ளவர்களும்தான். புகை அறையிலேயே நின்று சுற்றும். இப்போது சன்னலையும் எதிர்க் கதவையும் திறந்துவிட்டால் ஒரு பக்கம் காற்று நுழைந்து மறுபக்கம் புகை போவது கண்ணுக்குத் தெரியும். "இருமும்போது வர்ற கிருமியும் இப்படித்தான் காத்துல நிக்கும். காத்து ஓடுனா அதுவும் போயிடும். இது தட்டுலயும் துணியிலயும் இருந்து வர்றதில்ல." இதைப் பார்த்த பிறகு சன்னலைத் திறக்கச் சொல்லித் தொண்டை வறள வேண்டியதில்லை. சன்னல் ஒரு பக்கம் மட்டுமே இருக்கிற ஓட்டு வீடாக இருந்தால், கதவோரமாகப் படுக்கையை மாற்றி, காற்று அவரைத் தாண்டி வெளியே போகிற பக்கத்தில் தலை வைக்கச் சொல்லுங்கள்.

தட்டு, டம்ளர், துணி, கக்கூஸ், கை கொடுப்பது, தலை தடவுவது எதனாலும் காசநோய் பரவாது. மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரணக் காசநோயில், ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டால் சுமார் இரண்டு வாரத்திலேயே பரப்பும் சக்தி பெருமளவு குறைந்துவிடும். மருந்து எதிர்ப்புக் காசநோயானால் இந்த இரண்டு வாரக் கணக்கைச் சொல்லாதீர்கள். சளிப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் சொல்லும் நாள்தான் கணக்கு.

"வீட்ல வச்சிக்கிட்டா எல்லாருக்கும் வந்துடாதா, ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டுமே" என்பவரிடம் சொல்ல நம் ஊரிலேயே ஒரு பதில் இருக்கிறது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பகுதியினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்கு சானடோரியம் என்ற காசநோய் ஆஸ்பத்திரியிலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-இல் முடிவு வெளியானது. நெருக்கடியான ஏழை வீடுகளில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே குணமானார்கள். வீட்டாருக்கு நோய் தொற்றுவதும் கூடவில்லை. காரணம் எளிது: தொற்று பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கும் முன்பே நடந்து முடிந்திருக்கும். மாத்திரை தொடங்கிய பிறகு அவரை ஒதுக்கி வைப்பதால் தடுக்கக்கூடியது மிகக் கொஞ்சம்.

முதல் இரண்டு வாரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். வீட்டுக்குள் ஆட்களோடு இருக்கும்போது அவர் முகக்கவசம் போட வேண்டும், இருமும்போது துணியால் வாயை மூட வேண்டும். சளியை மூடி போட்ட டப்பாவில் காகிதம் போட்டுத் துப்பி, சாயங்காலம் அந்தக் காகிதத்தை எரிக்க வேண்டும். குழந்தைகளோடு ஒரே பாயில் படுக்கக் கூடாது. அவ்வளவுதான். இதை இரண்டு வாரம் என்று சொல்லாமல் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் ஆறு மாதமும் அவர் ஒதுக்குப்புறமாகவே கிடப்பார். காலண்டரில் 15-ஆம் நாளை வட்டம் போட்டுக் காட்டுங்கள்: "இந்தத் தேதிக்கு அப்புறம் தட்டு பழைய எடத்துக்குப் போவணும்." உண்மையில் தட்டை இன்றைக்கே எடுத்து வைக்கலாம். சில வீட்டில் அது நடக்கும். நடக்காத வீட்டில் ஒரு தேதி வேண்டும்.

திண்ணையைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றுக்குத் திண்ணை அருமையான இடம். ஆனால் "நீ திண்ணையில படு" என்று சொல்லி உள்கதவைத் தாழ் போட்டால் அது நாடு கடத்தல் மாதிரிதான். திண்ணையில் படுக்க வைத்தால் சாயங்காலம் வீட்டார் ஒருவர் அரை மணி நேரம் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க வேண்டும். டீயை அங்கேயே சேர்ந்து குடிக்கலாம். இதை யார், எந்த நேரத்தில் செய்வார் என்று அந்தக் கூட்டத்திலேயே பெயர் சொல்லி முடித்துவிடுங்கள்.

கடைசியாகத் தடுப்பு மாத்திரை. வீட்டார் எல்லாரையும் பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகு வாரம் ஒரு முறை வீதம் 12 வாரமோ, தினமும் 6 மாதமோ தடுப்பு மருந்து கொடுப்பார்கள். இது நோயாளி மனசுக்கும் மருந்துதான். வீடே மாத்திரை விழுங்கும்போது அவர் மட்டும் தனி ஆள் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சின்னக் குழந்தைக்கு மாத்திரை கொடுக்கும்போது "உன்னாலதான் இது" என்று ஒருவர் வாய் தவறி விட்டுவிடுவார். அந்தச் சொல் நோயாளியின் நெஞ்சில் தைத்துவிடும். முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

என்ன பேசுவது, எதை விடுவது

"தைரியமா இரு" என்ற சொல்லை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. சொல்கிறவருக்கு அது ஆறுதல். கேட்கிறவருக்கு "உன் கஷ்டத்தைப் பேசாதே" என்று அர்த்தம். "பத்து பேருக்கு வர்றதுதான்", "எல்லாம் தலையெழுத்து" என்பவையும் அதே ரகம். "குடிச்சிக் கெட்ட, அதான் வந்துச்சு" என்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அதற்குப் பதிலாக ஒரு கேள்வி: "இன்னிக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். மனசுக்குள் பத்து எண்ணுங்கள் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள். நம் வீடுகளில் கேள்வியைக் கேட்டு பதிலையும் நாமே சொல்லிவிடுகிற பழக்கம் பலமாக இருப்பதால் இந்தப் பத்து எண்ணுவது நினைப்பதைவிடக் கடினம். அங்கேயே நடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மாமியாரை நோயாளியாக உட்கார வைத்து மருமகளைக் கேட்கச் சொன்னால் சிரிப்பு வரும். சிரிக்கட்டும். அப்புறம் ஆளை மாற்றி உட்கார வைத்து, தட்டை ஒரு முழம் தள்ளி வைத்துச் சோறு போடச் சொல்லுங்கள். சிரிப்பு நின்றுவிடும்.

பேச வராத வீடுகளும் உண்டு. அப்பாவும் மகனும் பத்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார்கள். அங்கே பேசச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். மாத்திரை நேரத்தில் சொம்புத் தண்ணீரோடு பக்கத்தில் வந்து நிற்பது போதும். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவது, வாங்கி வந்த பலாச்சுளையை ஒரே முறத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவது, இவையெல்லாம் பேச்சுதான்.

வேலையைப் பிடுங்கிவிடுவது இன்னொரு தப்பு. "நீ ரெஸ்ட் எடு" என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டால், இரண்டே வாரத்தில் அவர் தன்னை வீட்டுக்குப் பாரம் என்று எண்ணத் தொடங்குவார். மூச்சு வாங்காத வேலை ஒன்றை அவருக்கென்று விடுங்கள்: ரேஷன் கடைக் கணக்கு, பிள்ளையை எழுப்பி விடுவது, பால் கணக்கு, வலை சரிபார்ப்பது. இருமல் குறைந்து எடை ஏற ஏற வேலையும் கூடட்டும்.

மாத்திரையை வைத்து வரும் கலவரங்கள்

வீட்டாருக்குச் சரியாகச் சொல்லாததால் வருகிற பயம் பல. சிறுநீர் செம்மஞ்சளாகப் போவது ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம். வியர்வையும் கண்ணீரும்கூட அப்படி ஆகலாம். முதல் நாளே சொல்லாவிட்டால் "ரத்தம் போவுது" என்று அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

மாத்திரை எண்ணிக்கையை நோயின் கடுமையாக எடுத்துக்கொள்வதும் உண்டு. பெரியவர்களில் 35 முதல் 49 கிலோ வரை தினம் 3, 50 முதல் 64 கிலோ வரை 4 என்று எடையைப் பார்த்துத்தான் தருகிறார்கள். பக்கத்துத் தெருக்காரருக்கு மூன்று, நம்மவருக்கு நாலு என்றால் நம்மவர் உடம்பு பெரிது என்று மட்டுமே பொருள். எடை கூடி எண்ணிக்கை உயர்ந்தால் அது நல்ல சேதி. இதை அழுத்திச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் "நோவு முத்திடுச்சு" என்று வீடே அழுதுகொண்டிருக்கும்.

தினசரிக் காலண்டர் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. மாத்திரை போட்டதும் அன்றைய தாளைக் கிழிக்கும் உரிமையை நோயாளிக்குக் கொடுங்கள். கிழிபடாத தாள் வீட்டார் கண்ணில் படும், "மாத்திரை போட்டியா?" என்று பத்து முறை கேட்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வி அக்கறையாகத் தொடங்கி இரண்டாம் மாதத்தில் போலீஸ் விசாரணையாக மாறிவிடும். மாத்திரை கொடுக்கிற பொறுப்பை அவரோடு சண்டை இல்லாத ஒருவரிடம் விடுங்கள். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டையாகப் போடக் கூடாது. பணியாளரிடம் சொன்னால் போதும், திட்ட வேண்டாம். திட்டு வாங்கியவர் அடுத்த முறை மாத்திரையைக் கொல்லையில் வீசிவிட்டுத் தாளைக் கிழிப்பார்.

இரண்டாம் மாத முடிவு ஆபத்தான கட்டம். இருமல் போயிருக்கும், பசி வந்திருக்கும், மாத்திரை அட்டையும் மாறும். "நல்லாயிடுச்சே, இன்னும் எதுக்கு?" என்பார்கள். அதற்கு மேல் நான்கு மாதம் இருக்கிறது என்பதை மூன்றாம் சந்திப்பில் காலண்டரைப் புரட்டிக் காட்டியே சொல்லுங்கள்.

மனசா, மருந்தா, நோயா?

சோகமாக இருப்பதற்கும் மனச்சோர்வு நோய்க்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க வீட்டாருக்கு இரண்டு கேள்வி போதும். கடந்த இரண்டு வாரத்தில், முன்பு பிடித்த விஷயங்களில் ஆசையே இல்லாமல் எத்தனை நாள் இருந்தார்? மனசு உடைந்து, நம்பிக்கை இல்லாமல் எத்தனை நாள்? இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் என்றால் 1, பாதி நாளுக்கு மேல் என்றால் 2, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தூக்கம், பசி, களைப்பு ஆகியவற்றை வைத்து முடிவு கட்டாதீர்கள். முதல் இரண்டு மாதம் காசநோயே அந்த மூன்றையும் கெடுக்கும்.

மனசுக் கோளாறு மாதிரித் தெரிந்து உண்மையில் வேறாக இருப்பவை சில. இதைத்தான் வீட்டாருக்கு யாரும் சொல்வதில்லை.

மீன் சமாச்சாரம் நம் கடற்கரைக்கு முக்கியம். சூரை, காணாங்கெளுத்தி மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். நம் உடம்பு அதை உடைத்துவிடும்; காசநோய்க்குத் தருகிற ஐசோனியசிட் மாத்திரை அந்த வேலையைத் தடுக்கிறது. சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சூடாகி, கண் சிவந்து, தலை வலித்து, நெஞ்சு படபடவென்று அடித்து, வியர்த்துக் கொட்டும். வீட்டார் "பயத்துல வர்றது" என்பார்கள். நோயாளி "மாத்திரை ஒத்துக்கல" என்பார். கொதிக்க வைத்தாலும் அந்தப் பொருள் போகாது. மீனை நிறுத்த வேண்டாம், புரதம் அதில்தான் இருக்கிறது. அன்று பிடித்து ஐஸில் வைத்த மீனாக இருக்கட்டும். சூரையைச் சிகிச்சை முடியும் வரை விட்டுவிடலாம். படபடப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன மீன் சாப்பிட்டார், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று இரண்டையும் சொல்ல வேண்டும்.

பாதம் எரிவது, மரத்துப்போவது: ஐசோனியசிட்டால் நரம்பு பாதிக்கப்படுவது. ராத்திரியெல்லாம் தூக்கம் கெட்டு எரிச்சலாக இருப்பார். வைட்டமின் பி6 மாத்திரை தருகிறார்களா என்று கேளுங்கள்.

சோர்ந்து சுருண்டு படுத்து, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல், வாந்தி, வலது விலாவுக்குக் கீழே வலி, கண்ணில் மஞ்சள். இது ஈரல். அன்றைக்கே மாத்திரையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுநீர் செம்மஞ்சள் என்பது எல்லாருக்கும் வரும். கண் மஞ்சளாவது வரக் கூடாது. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாலு நாள் பார்ப்போம் என்று இருந்துவிடாதீர்கள்.

தலைவலி விடாமல், வாந்தியோடு, பேச்சு குழறி, ஆள் மாறிப்போனதுபோல் நடந்துகொண்டால் மூளை உறையில் காசநோய் ஏறியிருக்கலாம். மந்திரிக்கப் போகிற நேரம் இல்லை இது. 108.

குடிப்பழக்கம் உள்ளவர் காசநோய் என்றதும் பயந்து ஒரேயடியாக நிறுத்திவிடுவது உண்டு. புதுச்சேரியில் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது அதைப் பாராட்டத்தான் தோன்றும். ஆனால் தினமும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாளுக்குள் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், உளறுவார். "காத்து கருப்பு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். குடியை நிறுத்தியே ஆக வேண்டும், மாத்திரையோடு சேர்ந்தால் ஈரல் தாங்காது. நிறுத்துவதை மருத்துவர் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்பதுதான் சேதி.

மருந்து எதிர்ப்புக் காசநோய் வீடுகளில் கூடுதல் கவனம் தேவை. சைக்ளோசெரின் சேர்ந்த சிகிச்சையில் மனச்சோர்வு, சந்தேகம், காதில் குரல் கேட்பது, சாகிற எண்ணம் வரலாம். இது அவர் குணம் இல்லை, மருந்தின் விளைவு. சொன்னால் மருத்துவர் அளவைக் குறைப்பார் அல்லது மருந்தை மாற்றுவார். எத்தியோனமைடு தைராய்டைக் குறைத்து மந்தமாக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். லீவோஃப்ளாக்சசின் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும்.

மனநல மருத்துவரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளை எடுத்துப் போகச் சொல்லுங்கள். ரிஃபாம்பிசின் பல மனநல மருந்துகளின் வேகத்தைக் குறைத்துவிடும். மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கான லினசோலிட் சாப்பிடுகிறவருக்குச் சில மனச்சோர்வு மாத்திரைகள் சேரவே கூடாது. "காய்ச்சல் மாத்திரை" என்று மறைத்துச் சொல்லி மனநல மருந்து வாங்குவது இதனால்தான் ஆபத்து. கடலூர் அரசு தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரியில் ஜிப்மர் ஆகிய இடங்களில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவ்வளவு தூரம் போகத் தயங்கினால் 14416-க்குப் போன் போடட்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம்.

சாகணும் என்று பேசினால்

"நான் இருந்து என்ன ஆவப்போவுது", "புள்ளைங்கள நல்லா பாத்துக்க" மாதிரிப் பேச்சு வந்தால், அல்லது திடீரென்று கடன் கணக்கெல்லாம் எழுதிக் கொடுக்கத் தொடங்கினால், நேராகக் கேட்கச் சொல்லுங்கள்: "செத்துப்போலாம்னு நெனக்கிறியா?" கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஒளித்து வைத்திருந்தவருக்குச் சொல்ல வழி கிடைக்கும். "ஆமா" என்றால் தனியாக விடக் கூடாது. பூச்சிமருந்து, எலி மருந்து வீட்டை விட்டுப் போக வேண்டும். மாத்திரைகளையும் மொத்தமாக அவர் கையில் கொடுக்காமல் பூட்டி வைத்து அன்றன்றைக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். அதே நாளில் ஆஸ்பத்திரி. ராத்திரியானால் 14416, தமிழ்நாட்டில் 104-ம் உண்டு. "சத்தியம் பண்ணு, அப்படி நெனக்க மாட்டேன்னு" என்று தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவதால் பயனில்லை. அடுத்த முறை சொல்லாமல் இருப்பதற்குத்தான் அது பயன்படும்.

பெண்கள்

நோய் தெரிந்ததும் மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்புவது வழக்கமாகவே ஆகிவிட்டது. போக வேண்டும் என்று அவரே ஆசைப்பட்டால் நல்லது. துரத்தினால் மாத்திரையும் சேர்ந்தே அறுபடும். போகிற ஊர் எது என்று கேட்டு நிக்ஷய் எண்ணை (அரசின் காசநோய்ப் பதிவு எண்) வைத்து அந்த ஊர் நிலையத்துக்கு மாற்றிவிடுங்கள். பாகூரிலிருந்து கடலூருக்குப் போவது பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான், ஆனால் நிர்வாகம் வேறு. மாற்றாமல் போனால் கையிருப்பு மாத்திரை தீர்ந்த அன்று சிகிச்சை நின்றுவிடும்.

தாய்ப்பால் கொடுக்கலாம், முகக்கவசம் போட்டுக்கொண்டு. குழந்தையைப் பிரித்து வைப்பதுதான் புதுத் தாயின் மனசை உடைக்கிறது. கருத்தடை மாத்திரை ரிஃபாம்பிசினோடு சரியாக வேலை செய்யாது, வேறு வழி கேட்கச் சொல்லுங்கள். கணவனும் மனைவியும் இருக்கும்போது இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்; சிகிச்சை நடுவில் எதிர்பாராத கர்ப்பம் அந்த வீட்டுக்கு இன்னொரு இடி. கல்யாணப் பேச்சு நடக்கிற பெண் என்றால், முழுதாகக் குணமானவர் கல்யாணம் செய்யத் தடை ஏதும் இல்லை என்று அப்பா அம்மா இருவரிடமும் தனித்தனியே சொல்லுங்கள்.

பணம், சாப்பாடு, பார்த்துக்கொள்கிறவர்

நிக்ஷய் போஷண் உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் 1000 ரூபாய், முன்பு 500. ஆறு மாதச் சிகிச்சைக்கு இரண்டு தவணையாக 3000 வீதம் வங்கிக் கணக்கில் வரும். கணக்கு விவரம் சரியில்லாவிட்டால் தாமதமாகும், முதல் வாரத்திலேயே சரிபாருங்கள். பணம் வந்ததும் யார் எடுத்தார் என்பதில் சண்டை வருவது சகஜம். இது சாப்பாட்டுக்கான காசு என்று எல்லார் முன்னிலையிலும் ஒருமுறை சொல்லிவிட்டால் நோயாளி கெஞ்ச வேண்டியதில்லை. தினம் ஒரு முட்டை, ஒரு கை வேர்க்கடலை, பருப்பு, கேழ்வரகு. அதைத் தனியாகச் சமைத்துத் தனியாக வைக்காமல், எல்லாரும் உட்கார்ந்து சாப்பிடும்போது கூடுதலாக வைக்கச் சொல்லுங்கள்.

பார்த்துக்கொள்கிறவர் பெரும்பாலும் ஒரே பெண்தான். மூன்றாம் மாதத்தில் அவர் நொந்துபோயிருப்பார். மனச்சோர்வைக் கண்டுபிடிக்கச் சொன்ன அந்த இரண்டு கேள்விகளை அவரிடமும் கேளுங்கள். வாரத்தில் ஒரு அரை நாள் வேறொருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று அவர் முன்னாலேயே பேசி, யார் என்பதையும் முடிவு செய்யுங்கள்.

கடைசி முறை போகும்போது

கடைசிச் சளிப் பரிசோதனை முடிவை வீட்டார் எல்லாரும் இருக்கும்போது வாசித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையே வாசிக்கட்டும். நுரையீரலில் தழும்பு இருந்தால் குணமான பிறகும் மேடு ஏறும்போது மூச்சு வாங்கலாம், மழைக்காலத்தில் இருமல் வரலாம். இதைச் சொல்லாவிட்டால் முதல் இருமலிலேயே தட்டு மறுபடி தொட்டியோரம் போய்விடும். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் பரிசோதனை, அதுவரை பயம் வேண்டாம். சிகிச்சை முடிந்த 6, 12, 18, 24-ஆம் மாதங்களில் வந்து காட்ட வேண்டும்; முதல் தேதியைக் காலண்டரில் அவர்கள் கையாலேயே எழுத வையுங்கள். கிளம்பும்போது ஒரு டம்ளர் தண்ணீர் கேளுங்கள், கொண்டு வரும் சாக்கில் பின்வாசல் பக்கம் ஒரு பார்வை பாருங்கள்.